சத்தத்தோடு பார்க்கவும்

எங்கள் குவார்ட்டர்ஸ் ப்ளாக்கின் கடைவரிசையில் கடைசியாக இருப்பது பிள்ளையார் கோயில். அதை ஒட்டி மாவு மில். கோயில் வாசலில் உட்கார்ந்து பூக்கட்டுகிறவள் நான். மில்லில் மாவு அரைக்கிறவள் செங்கமலம். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவள் மிளகாய் போட்டால் இந்தப் பக்கம் எனக்குத் தும்மல் வரும். இந்தப் பக்கம் சூடம் ஏற்றினால் அந்தப் பக்கம் அவள் மாவுக் கையோடு கும்பிடுவாள். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான் இருக்கிறோம்.

மில் வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். மிளகாய் அரைக்கிற நேரத்தை எழுதுவதற்காக மில்லின் முதலாளி குழந்தைவேல் மாட்டியது. அவர் காடாம்புலியூர்க்காரர், முந்திரித்தோப்பைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருப்பார், சனிக்கிழமைதான் இங்கே வருவார். மிளகாய் நேரம் என்றைக்கும் மாறுவதில்லை, தினம் நாலு மணிதான். அதனால் பலகையில் முக்கால்வாசி இடம் சும்மா கிடந்தது. செங்கமலம் அந்த இடத்தில், டிவியில் என்ன பார்க்கலாம் என்று எழுத ஆரம்பித்தாள்.

அவளாக ஆசைப்பட்டு ஆரம்பித்தது இல்லை. வரிசையில் டப்பாவை வைத்துவிட்டு நிற்கிற பெண்கள், "நேத்து சொன்னியே, அது எந்த சேனல்?", "எங்க மாமனாருக்குப் புடிக்கற மாதிரி ஏதாவது சொல்லேன்" என்று கேட்பார்கள். மெஷின் ஓடும்போது கத்திக் கத்திப் பதில் சொன்னால் தொண்டை என்னத்துக்கு ஆகும்? அதனால் எழுதிப் போட்டாள்.

எழுதுவதிலும் ஒரு முறை வைத்திருந்தாள். மில்லில் காலையில் முதலில் பச்சரிசி ஓடும். அப்புறம் கோதுமை, அப்புறம் கேழ்வரகு. மிளகாய் எப்போதும் கடைசி. மிளகாய் போட்ட கல்லில் அரிசியைப் போட்டால் அந்த மாவில் புட்டு செய்ய முடியாதே. டிவி நிகழ்ச்சிகளையும் செங்கமலம் அதே வரிசையில்தான் எழுதுவாள். மேலே பச்சரிசி: ரயிலில் ஊர் ஊராகப் போய் அங்கங்கே என்ன சாப்பிடுகிறார்கள் என்று காட்டுகிற நிகழ்ச்சி, ஒரு சின்னத் தபால் ஆபீஸில் நாலு பேர் வேலை செய்கிற கதை. அந்தக் கதையில் யாரும் யாருக்கும் விஷம் வைப்பதில்லை, அதிகமாகப் போனால் ஒரு குடை தொலையும். எனக்கு அவள் எழுதிக் கொடுத்தது, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பழைய கோயிலைக் காட்டுகிற நிகழ்ச்சி. திருவதிகைக் கோயிலைக் காட்டின அன்றைக்கு, அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

அதற்குக் கீழே கோதுமை: மாமியார், மருமகள், சொத்து. அதற்கும் கீழே கேழ்வரகு: போலீஸ், துப்பு, காணாமல் போனவர்கள். கடைசியில் மிளகாய். பேய், பழங்காலத்துக் கொடுமை எல்லாம் அங்கேதான்.

யாருக்கு எது என்று ஆள் பார்த்துத்தான் சொல்வாள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களுக்குப் பச்சரிசி மட்டும். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வீட்டுக்குக் கோதுமை கூடாது; ஏற்கெனவே அங்கே அது ஓடிக்கொண்டிருக்கும் என்பாள். மிளகாய் பார்க்கிறவர்களுக்கு மட்டும் ஒரு நிபந்தனை. மிளகாய் அரைத்து முடித்ததும் கல்லில் ஒரு படி நொய் ஓட்டி அந்தக் காரத்தை எடுப்பாள் அல்லவா? அதேபோல, பயங்கரமானதைப் பார்த்துவிட்டு அப்படியே போய்ப் படுக்கக் கூடாது, கால் மணி நேரம் தபால் ஆபீஸ் பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு மணியின் படம் போடுவாள். கோயில் மணி மாதிரி இருக்கும். அந்த மணி எதற்கென்று வெளியூர் ஆட்களுக்குப் புரியாது. எங்கள் ப்ளாக்கில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் முத்தாண்டிக்குப்பத்துப் பெண். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்கப்புறம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போனாள். கொட்டைப் பால் பட்டுக் கறுத்த விரல்நுனிகள் இன்னமும் அப்படியேதான் இருக்கின்றன, மாவு அப்பியிருக்கும்போது மட்டும் தெரியாது. கட்டிக்கொண்டது சக்கரபாணியை. இங்கே நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. முதல் பதினோரு வருஷம் அவருக்குப் பெரும்பாலும் நைட் ஷிப்ட்தான். காலையில் வந்து படுத்தால் மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் எழுந்திருப்பார். வீடு ஒரே அறை. அவர் படுக்கிற பாயும் அங்கேதான், டிவியும் அங்கேதான். மில் வேலைக்கு வரும்வரை செங்கமலம் வீட்டில் இருந்தபடி முந்திரிப்பருப்புக்குத் தோல் உரித்துக்கொண்டே டிவி பார்ப்பாள், ஒரு பொட்டுச் சத்தம் இல்லாமல்.

அப்படிப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒன்று பிடிபட்டது. சில கதைகள் முகத்திலேயே இருக்கின்றன, சத்தமே வேண்டாம். சில கதைகள் பேச்சில் இருக்கின்றன. பேச்சுக் கேட்காமல் பார்த்தால் நல்லவன் கெட்டவனாகத் தெரிவான், கெட்டவன் நல்லவனாகத் தெரிவான். இங்கே குவார்ட்டர்ஸிலும் பாதி வீட்டில் பகலில் ஆள் தூங்குகிறது. போனில் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று சிலர் கேட்கலாம். இரண்டு கையிலும் வேலை இருக்கிறவள் போனை எதில் பிடிப்பாள்? காதில் மாட்டிக்கொண்டால் தூங்குகிற குழந்தை விழித்து அழுவது எப்படிக் கேட்கும்? அதனால்தான் அந்த மணி. மணி போட்டிருந்தால் சத்தத்தோடு பார்க்க வேண்டியது, ஆள் எழுந்த பிறகு பார். மணி இல்லையென்றால் சத்தமில்லாமலே பார்க்கலாம்.

சென்ற வருஷம் ஆடி மாதம், மிளகாய்க்குக் கீழே ஒரு புதுப் பெயர் எழுதினாள். 'எட்டாம் கொட்டகை.' புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு ஒன்று வரும், மறுநாள் காலை பதினோரு மணிக்கு அதையே மறுபடி போடுவார்கள். மொத்தமே எட்டு வாரம். தாது வருஷத்துப் பஞ்சத்தில் நடக்கிற கதை. சோற்றுக்கில்லாத சனங்களைக் கல் உடைக்க வைத்துக் கஞ்சி ஊற்றுகிற முகாம். ஏழு கொட்டகைகளுக்குக் கஞ்சி போகும். கல் உடைக்கத் தெம்பில்லாதவர்களை எட்டாவது கொட்டகையில் தள்ளிவிடுவார்கள். அங்கே கஞ்சி போகாது. அங்கே செத்தவர்கள், கஞ்சி அளந்து ஊற்றின எழுத்தர் வீட்டு வாசலில் பொழுது சாய்ந்ததும் வந்து நிற்பார்கள். கடிக்க மாட்டார்கள், கத்த மாட்டார்கள். மண் கலயத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள், அவ்வளவுதான். செங்கமலம் சொல்லக் கேட்டதற்கே எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிள்ளையாரப்பா, இது எனக்கு வேண்டாம் என்றேன். உனக்குச் சொல்லவில்லை அக்கா, நீ கோயிலைப் பார் என்றாள்.

மூன்றாவது வாரம் அந்தப் பெயரை அழித்துப் புதிதாக எழுதினபோது, மணி போட மறந்துவிட்டாள். அன்றைக்கு ஆடிக்கூழுக்குக் கேழ்வரகு டப்பாக்கள் கோயில் வாசல்வரை வந்து நின்றன. ஒரு வரி எழுதுவாள், மெஷினுக்கு ஓடுவாள். அதில் விட்டுப்போயிற்று.

வியாழக்கிழமை சாயங்காலம் வைத்திலிங்கம் சார் வந்தார். மைன்ஸில் போர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். மகன் அங்கேயே பர்மனென்ட் வேலையில், குவார்ட்டர்ஸ் மகன் பெயரில். பிள்ளையார் கோயிலில் நடக்கிற வார வழிபாட்டுக் குழுவுக்கு இவர்தான் தலைவர். எதையும் உறுதியாகத் தெரிந்தவர் மாதிரிதான் பேசுவார். மருமகள் வெண்மதி காலையில் அந்தத் தொடரைப் பார்த்திருக்கிறாள். அதில் ஒருத்தி கோயிலுக்குள் புகுந்து, சாமி விளக்கில் கையை விட்டு அணைத்துவிட்டு ஓடுகிறாளாம். மெஷின் நிற்கும்வரை காத்திருந்துவிட்டு அவர் கேட்டார்.

"இந்தாம்மா, பக்கத்துலயே கோயிலு. சாமி வெளக்க அணைக்கற கதையப் பாருங்கன்னு எழுதிப் போட்டுகினு இருக்கியே, உனக்கு சாமி கும்புடற பழக்கம் உண்டா இல்லையா? மொதல்ல அத அழி."

செங்கமலம் பதில் சொல்லாமல், மருமகள் சத்தம் வைத்துப் பார்த்தாளா என்று கேட்டாள். நைட் ஷிப்ட் முடிந்து பையன் தூங்குகிற வீட்டில் எப்படிச் சத்தம் வைப்பார்கள் என்றார் அவர். அப்போதுதான் அவள் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மணி போடாதது என் தப்பு சார். உங்க மருமவ வந்தா அதுகிட்டயும் சொல்லிடறேன். ஆனா அது வெளக்க அணைக்கற கதை இல்ல. அழிக்க மாட்டேன்."

"மாவு அரைக்க வந்தவ மாவு அரைக்கணும். ஊருக்குப் பாடம் நடத்தக் கூடாது."

"மாவு அரைக்கறவதான் சார். அதனாலதான் எத மொதல்ல போடணும், எதக் கடைசில போடணும்னு தெரியும்."

வரிசையில் ஒருத்தி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் விஷயத்தைப் பெரிதாக்கியது என்று நினைக்கிறேன்.

வைத்திலிங்கம் சார் சொல்லிக் கேள்விப்பட்டு, வெள்ளிக்கிழமை காலை முதலாளி போன் செய்தார். வழிபாட்டுக் குழுவில் நாற்பது வீடு இருக்கிறது, அத்தனை வீட்டு டப்பாவும் வேறு மில்லுக்குப் போனால் என்ன செய்வது என்றாராம். சனிக்கிழமை வருகிறேன், அதற்குள் அந்தப் பெயரை அழித்துவிடு, முடியாதென்றால் சாவியைக் கொடுத்துவிடு என்றும் சொல்லிவிட்டார். அவள் என்னிடம் வந்து சொன்னபோது எனக்குப் பயமாக இருந்தது. முத்தாண்டிக்குப்பத்திலிருந்து தினம் பஸ் ஏறி வந்து பார்க்கிற வேலை. இதை விட்டால் மறுபடியும் முந்திரிக்கொட்டைதான். ஒரு பெயர்தானே, அழித்துவிடேன், எதற்கு வம்பு என்று நானும் சொன்னேன். சாமி விளக்கு என்றதும் எனக்கும் மனசில் ஒரு முள் இருந்தது, மறைப்பானேன்.

அவள் கோபப்படவில்லை. மத்தியானம் மெஷினை நிறுத்தினதும் என்னைக் கூப்பிட்டாள். கோதுமை மூட்டைமேல் உட்கார வைத்து, தன் போனில் அந்த இடத்தைப் போட்டுக் காட்டினாள். முதலில் சத்தமில்லாமல். ஒரு பெண். முதுகெலும்பு எண்ணலாம் போல இருந்தாள். இருட்டுக் கோயிலுக்குள் நுழைகிறாள், இரண்டு பக்கமும் பார்க்கிறாள், விளக்கில் விரலை விடுகிறாள். விளக்கு அணைகிறது. ஓடுகிறாள். சாமி முகம் இருட்டில் போய்விடுகிறது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"இப்ப சத்தத்தோட பாரு" என்று மறுபடி போட்டாள்.

அந்தப் பெண் விளக்குக்கு முன்னால் நின்று பேசுகிறாள். சத்தமில்லாமல் பார்த்தபோது அவள் உதடு அசைந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. அவ்வளவு மெல்லப் பேசுகிறாள். புள்ள ஒதடு வெடிச்சி ரத்தம் வருது சாமி, ரெண்டு சொட்டு எடுத்துக்கறேன், மழை பேஞ்சா உழைச்சித் திருப்பி ஊத்திடறேன் என்கிறாள். எண்ணெயைத் தொட்டு எடுக்கிறாள். விளக்கில் இருந்ததே அந்த இரண்டு சொட்டுதான். அதனால் அணைந்துபோகிறது. வெளியே ஓடிவந்து பிள்ளையின் உதட்டில் தடவுகிறாள்.

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். செங்கமலம் போனை அணைத்துவிட்டுச் சொன்னாள்.

"ராஜா கதை எத்தனையோ பாத்துட்டேங்கா. வருசக்கணக்கா ஓடும். அதுல எங்க ஆளுங்க எங்க இருப்பாங்க தெரியுமா? மூட்டை தூக்கிகினு பின்னால போவாங்க. மூஞ்சியே தெரியாது. இதுலதான் மொத தடவையா மூஞ்சியக் காட்டுறாங்க. பேயாக் காட்டுனாலும் மூஞ்சியக் காட்டுறாங்க. அத என் கையாலயே அழிக்கணுமா?"

இரண்டு மணிக்கு அவள் மெஷினைப் போட்டாள். அதற்கு முன்னால் பலகைக்குப் போய், அந்தப் பெயருக்குப் பக்கத்தில் மணியை வரைந்தாள். இந்தத் தடவை பெரிதாக வரைந்தாள்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் குழந்தைவேல் வந்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர். வைத்திலிங்கம் சாரும் குழுவில் இன்னும் இரண்டு பேரும் முன்னாலேயே வந்து நின்றார்கள். வரிசையில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். முதலாளி பலகையைப் பார்த்தார், அந்தப் பெரிய மணியையும் பார்த்தார். அழிச்சிடும்மா என்றார். செங்கமலம் மெஷினை நிறுத்தினாள். கையில் இருந்த மாவைத் தட்டினாள். இடுப்பில் இருந்த சாவியை எடுத்து அரிசி டப்பாவின் மூடிமேல் வைத்தாள்.

"போர்டு உங்களுது மொதலாளி. அழிக்கறதுன்னா நீங்க அழிங்க. சாவிய எடுத்துக்கறதுன்னாலும் எடுத்துக்கங்க. என் கையால அழிக்க மாட்டேன்."

முதலாளி சாவியைப் பார்த்தார், எடுக்கவில்லை. வைத்திலிங்கம் சார் என் பக்கம் திரும்பினார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் பூவும் நாருமாக உட்கார்ந்திருந்தேன்.

"கலியம்மா, நீ தெனம் சாமிக்குப் பூ கட்டறவ. நீயே சொல்லு இவளுக்கு."

எனக்கு நாலு பேர் முன்னால் பேசி வழக்கம் இல்லை. பெரியவர்கள் எதிரில் உட்கார்ந்தபடி பேசினதும் இல்லை. அன்றைக்கு எழுந்திருக்கவும் தோன்றவில்லை. உட்கார்ந்தபடியேதான் சொன்னேன்.

"சார், அந்தப் பொண்ணு வெளக்க அணைக்கல. புள்ள ஒதட்டுல தடவறதுக்கு ரெண்டு சொட்டு எண்ண எடுத்தா. கேட்டுட்டுதான் எடுத்தா, திருப்பித் தரேன்னு சொல்லிட்டுதான் எடுத்தா. நான் சத்தத்தோட பாத்தேன். இத்தன வருசம் பூ கட்டியும் எனக்கு அந்த மாதிரி சாமிகிட்டப் பேச வரல."

சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. நீங்களும் ஒரு தடவை பாருங்க சார் என்று செங்கமலம் போனை நீட்டினாள். அதையெல்லாம் நான் பார்ப்பதில்லை என்று அவர் கையை ஆட்டினார். உன்னையும் கெடுத்துட்டாளா என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

முதலாளி ஈரத்துணியை எடுத்தார். தபால் ஆபீஸ், ரயில், மாமியார், போலீஸ், எட்டாம் கொட்டகை, மணி, எல்லாவற்றையும் துடைத்தார். 'மிளகாய் 4 மணி' மட்டும் மிச்சம் இருந்தது. இனிமேல் பலகையில் டிவி எழுதக் கூடாது என்றார். சாவியை எடுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வைத்திலிங்கம் சாரும் ஜெயித்தவர் நடையில் போனார்.

செங்கமலம் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்புறம் மெஷினைப் போட்டாள். அரைத்து முடித்த முதல் டப்பாவை மூடினாள்.

மில்லுக்கு வருகிற டப்பாக்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். மாறிப்போகாமல் இருக்க, மூடியில் சாக்பீஸால் பேரும் பொருளும் எழுதுவது எப்போதும் உள்ள வழக்கம்தான். அந்த டப்பாவின் மூடியில், 'சந்திரகலா, அரிசி 3 கிலோ' என்று எழுதினாள். சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை.

"சந்திரகலாக்கா, இந்த மூடி யாருது?"

"இது என்னாடி கேள்வி? எங்க வூட்டுதுதான்."

"அப்ப எழுதட்டுமா?"

சந்திரகலாவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும், "பெருசா எழுது, எனக்குக் கண்ணாடி இல்ல" என்றாள். பலகை முதலாளியுடையது. மூடி அவர்களுடையது. அன்றைக்கு ஒவ்வொருத்தரையும் கேட்டாள். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள், அவர்களுக்குப் பேர் மட்டும் எழுதினாள். மற்ற மூடிகள் எல்லாம், ஆளுக்குத் தகுந்த மாதிரி பச்சரிசியும் கோதுமையும் மிளகாயுமாக, தெருத் தெருவாக வீட்டுக்குள் போயின.

திங்கட்கிழமை வெண்மதி வந்தாள். முகத்தைத் தூக்கவே இல்லை. அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே செங்கமலம் முந்திக்கொண்டு, மணி போடாதது தன் தப்பு, நீ கண்ணால் பார்த்ததைத்தானே சொன்னாய் கண்ணு என்றாள். அந்த விளக்குக்காரி என்ன ஆனாள் என்று வெண்மதி மெதுவாகக் கேட்டாள். அதைச் சொல்லமாட்டேன், பார்த்துத் தெரிந்துகொள் என்றாள் செங்கமலம்.

புதன்கிழமை காலை வைத்திலிங்கம் சாரே கோதுமை டப்பாவோடு வந்தார். நாற்பது வீடும் வேறு மில்லுக்குப் போகவில்லை. பக்கத்தில் வேறு மில் இல்லை என்பதும் ஒரு காரணம், அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் டப்பாவை வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். செங்கமலம் எல்லோருக்கும் போலவே அரைத்தாள், இன்னும் கொஞ்சம் நைஸாகக்கூட அரைத்தாள் என்று தோன்றியது. மூடியில் அவர் பேரையும் கோதுமை 5 கிலோ என்றும் எழுதினாள்.

"சார், எல்லார்கிட்டயும் கேக்கற மாதிரி உங்களையும் கேக்கறேன். மூடியில எழுதட்டுங்களா?"

நான் பூத்தொடுப்பதை நிறுத்தினேன். அவர் துடைத்த பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோயில் பக்கம் பார்த்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிதர் இல்லை அவர்.

செங்கமலம் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு எழுதினாள். 'எட்டாம் கொட்டகை. இன்று 8 மணி. நாலாவது.' பக்கத்தில் மணி. அதற்கும் கீழே, இந்த வீட்டில் மறுபடி எந்தத் தப்பும் நடக்கக் கூடாது என்பதுபோல, 'சத்தத்தோடு பார்க்கவும்' என்று முழுசாக எழுதினாள். ஒவ்வொரு எழுத்தும் அழுத்தமாக விழுந்தது.

அவர் டப்பாவை எடுத்து சைக்கிள் கேரியரில் வைத்தார். தோளில் துண்டு இருந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் மூடி சுத்தமாகிவிடும். துண்டு தோளிலேயே இருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, வாகைமரம் தாண்டி, அவர் வீட்டுத் தெருவில் திரும்பும்வரை நான் அந்த வெள்ளை எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடுத்தது யாருது?" என்று செங்கமலம் கேட்டாள்.

அவர் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. அன்றைக்கு எட்டு மணிக்கு என் வீட்டில் விளக்கேற்றி, எண்ணெய் நிறைய ஊற்றி வைத்துவிட்டு டிவியைப் போட்டேன். தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் வைத்தேன்.